வட்டி குறைந்தது, நான் வாங்கிய கால் ஆப்ஷனின் விலையும் குறைந்தது: பிப்ரவரி 7 கணக்கு

பவானிக்கரை | 7 பிப்ரவரி 2025, மாலை 5:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாலு வருசமா பங்கு வாங்கி வச்சிருக்கறேன். ஆப்ஷன் (குறிச்ச விலைக்கு வாங்கற, இல்ல விக்கற உரிமையை மட்டும் வாங்கறது) பக்கம் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. இன்னைக்கு நடந்தது எனக்கு விளங்கவே இல்லை, அதனாலதான் கேக்கறேன்.

ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்கு அது கடன் தர்ற வட்டியை) குறைக்கும்னு உறுதியா நம்பினேன். 2020 மே மாசத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் குறைக்கல. புது கவர்னர் மல்ஹோத்ராவுக்கு இதுதான் முதல் கொள்கைக் கூட்டம். நேத்து மதியம் நிஃப்டி 23,700 கால் (குறியீடு 23,700ஐத் தாண்டினா பலன் தர்ற ஆப்ஷன்), வர்ற வியாழக்கிழமை எக்ஸ்பைரி (காலாவதி), ரெண்டு லாட் (லாட்டுக்கு 75 எண்ணிக்கை), ஒண்ணு 142 ரூபாய்க்கு வாங்கினேன். காலைல பத்து மணிக்கு கவர்னர் பேசினார். 6.50ல இருந்து 6.25. ஆறு உறுப்பினரும் ஒத்துக்கிட்ட முடிவு. நான் நெனச்சது நெனச்சபடியே நடந்துருச்சு.

ஆனா மார்க்கெட் இறங்குது. பொறுத்துப் பாத்தேன், முடியல. மதியம் 81க்கு வித்துட்டேன். 150 எண்ணிக்கைக்கு 9,150 ரூபாய் போச்சுங்க. கடைசில பாத்தா நிஃப்டி 23,560ல முடிஞ்சிருக்கு, மொத்தமே 43 புள்ளிதான் இறக்கம்.

வட்டி குறைஞ்சா பங்கு ஏறணும்னுதானே படிச்சோம்? சரியாச் சொன்னவனுக்கு ஏனுங்க நட்டம்?

---

பழைய டீலர் | 7 பிப்ரவரி 2025, இரவு 8:40

தம்பி, உங்கள் கணிப்பில் பிழை இல்லை. அந்தக் கணிப்பு உங்களுக்கு மட்டும் இருந்ததா, ஊருக்கே இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் பதினெட்டு வருடம் பத்திரம் வாங்கி விற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த வட்டிக் குறைப்பு இன்று காலை வந்ததல்ல. பாதிக்கு மேல் ஜனவரி 27 மாலையே வந்துவிட்டது. அன்று சந்தை முடிந்தபின் ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 60,000 கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரம் வாங்கும், 56 நாள் ரெப்போ ஏலத்தில் 50,000 கோடி தரும், 500 கோடி டாலருக்கு ஸ்வாப் (இப்போது ரூபாய் தந்து டாலர் வாங்கி, பின்னர் திருப்பி விற்பது) செய்யும். வங்கிகளிடம் பணம் வற்றிக் கிடந்த நேரம் அது. முதலில் வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள் என்றால் அடுத்து மடையையும் திறப்பார்கள் என்று எங்களைப் போன்றவர்கள் அன்றே எழுதிக்கொண்டோம். மறுநாள் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி 800 புள்ளி ஏறியது. ஜனவரி 27 அன்று 48,000 பக்கம் இருந்தது, நேற்று 50,300க்கு மேல். நீங்கள் எதிர்பார்த்த ஏற்றம் அதுதான். நீங்கள் கால் வாங்கும் முன்பே அது நடந்து முடிந்திருந்தது.

பந்தியில் பாயசம் உண்டு என்று தெரிந்து உட்கார்ந்தவனுக்குப் பாயசம் வந்ததில் வியப்பில்லை. அப்பளம் வரவில்லையே என்றுதான் பார்ப்பான். இன்று சந்தை தேடிய அப்பளம் இரண்டு. ஒன்று, மேலும் பணப்புழக்க நடவடிக்கை. டிசம்பரில் சிஆர்ஆரை (வங்கிகள் தம் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கை) 4 விழுக்காட்டுக்குக் குறைத்ததுபோல இன்னொன்று வரும் என்று சிலர் நினைத்தார்கள், வரவில்லை. இரண்டு, நிலைப்பாடு, அதாவது வட்டி இனி எந்தப் பக்கம் போகும் என்ற குறிப்பு. அது நடுநிலையாகவே நின்றது. ஆக, வட்டி குறைந்த நாளிலும் சந்தைக்குக் கிடைத்தது ஒரு சின்ன ஏமாற்றம்.

இனி உங்கள் 142 ரூபாய். ஒரு கால் விலைக்குள் இரண்டு பொருள் உண்டு. சந்தை எந்தப் பக்கம் என்பது ஒன்று. எவ்வளவு ஆடும் என்ற அச்சம் இன்னொன்று. அந்த அச்சத்தின் அளவுதான் இந்தியா விக்ஸ். நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து அடுத்த 30 நாள் ஆட்டத்தை ஆண்டுக் கணக்கில் சொல்கிறது. அதை 16ஆல் வகுத்தால் ஒரு நாள் ஆட்டம் கிடைக்கும் (ஓராண்டில் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16). விக்ஸ் 14 என்றால் நாளுக்கு 0.9 விழுக்காடு, நிஃப்டியில் சுமார் 205 புள்ளி. அறிவிப்புக்கு முந்தைய நாள், அந்த ஒரு நாளின் அச்சத்துக்கும் சேர்த்துத்தான் வாரக் காலின் விலை நிற்கும். கவர்னர் பேசி முடித்ததும் அந்த அச்சத்துக்கு வேலை இல்லை. சந்தை இருந்த இடத்திலேயே நின்றிருந்தாலும் உங்கள் பிரீமியம், அதாவது நீங்கள் கொடுத்த ஆப்ஷன் விலை, கரைந்திருக்கும். இறங்கவும் செய்ததால் இரண்டு பக்கமும் அடி.

---

மாதச் சேமிப்பு | 7 பிப்ரவரி 2025, இரவு 9:25

ஐயா, எனக்கு ஆப்ஷன் தெரியாது. பத்து வருஷமா எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடறது) மட்டும்தான். ஆனா ஒண்ணு கேக்கணும். மத்திய வங்கி அறிவிச்சா சந்தை ஆடும்னு எல்லா டிவியிலயும் சொல்றாங்க. நீங்க அறிவிச்சதும் ஆட்டம் அடங்கும்னு சொல்றீங்க. எது சரி?

---

எண்ணும் எழுத்தும் | 8 பிப்ரவரி 2025, காலை 7:03

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் அக்கா. இரண்டும் சரி. அறிவிப்பு எதிர்பார்த்தபடி இருந்தால் ஆட்டம் அடங்கும். எதிர்பாராதது என்றால் வெடிக்கும். முடிவு எவ்வளவு பெரியது என்பதைவிட, எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே சந்தையை உலுக்குகிறது.

பெர்னான்கி, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடின் தலைவராவதற்கு முன் 2005ல் கட்னர் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது. எதிர்பாராமல் வந்த 25 பேசிஸ் பாயிண்ட் (கால் விழுக்காடு) குறைப்புக்கு அமெரிக்கப் பங்குக் குறியீடுகள் சராசரியாக ஒரு விழுக்காடு ஏறின. ஏற்கெனவே எதிர்பார்த்திருந்த பகுதிக்குப் பெரிய அசைவே இல்லை. எதிர்பார்ப்பை எப்படி அளப்பது? அவர்கள் ஃபெட் ஃபண்ட்ஸ் ஃபியூச்சர் (ஃபெட் வட்டி எங்கே போகும் என்பதை வைத்து விலை போகும் ஒப்பந்தம்) விலையை எடுத்தார்கள். நம் ஊரில் ஓஐஎஸ் என்ற ஒரு நாள் வட்டி ஸ்வாப் சந்தை இருக்கிறது, மாறும் ஒரு நாள் வட்டியை நிலையான விகிதத்துக்கு மாற்றிக்கொள்ளும் இடம். கொள்கைக்கு முந்தைய நாள் அதன் ஓராண்டு விகிதம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், எத்தனை குறைப்பை சந்தை ஏற்கெனவே விலையில் சேர்த்திருக்கிறது என்று ஓரளவு தெரியும். தொலைக்காட்சியில் பொருளாதார வல்லுநர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பைவிட நான் இதையே நம்புவேன். இங்கே பணம் போட்டவர்கள் பேசுகிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு மத்திய வங்கிகள் இதைக் காட்டிய கதை ஒன்று உண்டு. 2015 ஜனவரி 15. பொங்கல் நாள். காலையில் சந்தை திறக்கும் முன், எந்தக் கூட்டமும் இல்லாத நாளில், அன்றைய ரிசர்வ் வங்கி கவர்னர் ரகுராம் ராஜன் ரெப்போவை 8லிருந்து 7.75க்குக் குறைத்தார். சென்செக்ஸ் 729 புள்ளி ஏறி 28,075ல் முடிந்தது. வெறும் 25 பேசிஸ் பாயிண்ட்தான், நேற்று குறைத்த அதே அளவு. ஆனால் யாரும் அன்று எதிர்பார்க்கவில்லை.

அதே நாள், நம் நேரம் பிற்பகல் 3 மணிக்கு, சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று 2011 செப்டம்பரிலிருந்து காத்துவந்த தரையைக் கைவிட்டது. சில நாள் முன்புவரை அந்தத் தரைதான் எங்கள் கொள்கையின் தூண் என்று அதன் அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. ஏற்றுமதியை நம்பிய சுவிஸ் பங்குச் சந்தை அன்று 8 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. அதோடு வட்டியையும் மைனஸ் 0.75க்குக் குறைத்திருந்தார்கள், வட்டிக் குறைப்பு பங்குக்கு நல்லது என்ற பாடம் அங்கே எடுபடவே இல்லை.

---

பவானிக்கரை | 8 பிப்ரவரி 2025, காலை 9:48

ரொம்ப நன்றிங்க. இப்பத்தான் கொஞ்சம் புரியுது. அப்ப யாரும் எதிர்பாக்காத நேரத்துல வட்டி குறைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாங்களா?

---

பழைய டீலர் | 8 பிப்ரவரி 2025, முற்பகல் 11:15

வேண்டாம் தம்பி. 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. ஃபெட் ஒரே அடியாக ஒரு முழு விழுக்காடு குறைத்து வட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனது. திங்கட்கிழமை எஸ் அண்ட் பி 500 சுமார் 12 விழுக்காடு விழுந்தது. அமெரிக்க விக்ஸ் அன்று 82.69ல் முடிந்தது, 2008 நெருக்கடியின் முடிவு உச்சத்தையும் தாண்டி. ஏன்? ஞாயிறு மாலை கதவைத் தட்டி மருந்து கொடுக்கிற வைத்தியரைப் பார்த்தால் மருந்தைவிட நோய்தான் கண்ணுக்குத் தெரியும். மத்திய வங்கியிடம் நம்மிடம் இல்லாத தகவல் இருக்கிறது என்று சந்தை நம்புகிறது. அதனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் இரண்டு செய்தி இருக்கும்: வட்டி என்ன, அவர்கள் எதைப் பார்த்து பயப்படுகிறார்கள்.

நம் ஊரிலும் மார்ச் 27 அன்று அதே கதை. கூட்டத்தை முன்கூட்டியே நடத்தி ரெப்போவை 5.15லிருந்து 4.40க்கு இறக்கினார்கள், சிஆர்ஆரை ஒரு விழுக்காடு குறைத்து 3 ஆக்கினார்கள், கடன் தவணைக்கு மூன்று மாதம் தள்ளிவைப்பும் கொடுத்தார்கள். காலையில் சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிக்கு மேல் ஏறியது. முடியும்போது 131 புள்ளி நட்டம். முக்கால் விழுக்காடு குறைத்த நாளில்.

என் சொந்த நினைவில் மறக்காதது 2013. அந்த மே 22 அன்று பெர்னான்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்ன ஒரு வாக்கியத்தில் நம் ரூபாய் ஆட ஆரம்பித்தது. ஜூலை 15 இரவு ரிசர்வ் வங்கி எம்எஸ்எஃப் (வங்கிகள் அவசரத்துக்கு ஒரு நாள் கடன் வாங்கும் வசதி) வட்டியை 10.25க்கு ஏற்றியது. ரெப்போவைத் தொடவில்லை, ஆனாலும் குறுகிய காலப் பணத்தின் விலை இரண்டு விழுக்காடு கூடிவிட்டது. மறுநாள் காலை எங்கள் அறையில் யாரும் தேநீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் கையில் இருந்த பத்திரங்களின் விலை திறந்ததுமே சரிந்தது, வங்கிப் பங்குகளும் சரிந்தன. ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் 68.80ஐத் தொட்டது.

செப்டம்பர் 18 இரவு ஃபெட், கொள்முதலைக் குறைக்கவில்லை என்றது. 19 அன்று சென்செக்ஸ் 684 புள்ளி ஏறியது. 20 அன்று, பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத ராஜன் தன் முதல் கொள்கையில் ரெப்போவை 7.50க்கு ஏற்றினார். ஏற்றுவார் என்று ஏறக்குறைய யாருமே நினைக்கவில்லை. அன்று 383 புள்ளி இறக்கம். அடுத்தடுத்த இரண்டு நாள், இரண்டு மத்திய வங்கிகள், இரண்டு எதிர்பாராமை.

---

பெருங்குடி ஷிஃப்ட் | 8 பிப்ரவரி 2025, மதியம் 2:30

பிரீமியம் கரையும் என்று படித்துவிட்டு, சரி அப்போ விற்கிற பக்கம் போவோம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

2022 மே 4, புதன்கிழமை. முந்தைய நாள் ரம்ஜான் விடுமுறை, மறுநாள் எக்ஸ்பைரி. அடுத்த எம்பிசி (ரிசர்வ் வங்கியில் வட்டியை முடிவு செய்யும் குழு) கூட்டம் ஜூனில்தான் என்பதால் அந்த வாரம் நம் பக்கம் எந்த நிகழ்வும் இல்லை. அன்று இரவு ஃபெட் மட்டும். அதற்குள் வெளியேறிவிடலாம் என்று காலையில் பேங்க் நிஃப்டி ஸ்ட்ராடில் விற்றேன், அதாவது ஒரே விலைப்புள்ளியில் கால் ஒன்று, சந்தை இறங்கினால் பலன் தரும் புட் ஒன்று. எல்ஐசி ஐபிஓ திறந்த முதல் நாள் என்பதால் எல்லார் பேச்சும் அதைப் பற்றித்தான்.

மதியம் இரண்டு மணிக்கு கவர்னர் பேசுவார் என்ற செய்தி வந்தபோது அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து பார்க்கிறேன், சக்திகாந்த தாஸ் ரெப்போவை 40 பேசிஸ் பாயிண்ட் ஏற்றி 4.40 என்கிறார், சிஆர்ஆரை அரை விழுக்காடு ஏற்றி 4.50 என்கிறார். சென்செக்ஸ் அன்று 1,307 புள்ளி இறக்கம். பேங்க் நிஃப்டி 2.5 விழுக்காடு. என் புட் ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் வேறு விலையில் இருந்தது. ஸ்டாப் லாஸ் (நட்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானாக வெளியேறும் ஆர்டர்) போட்டிருந்தேன். ஆனால் லிமிட் விலையைத் தாண்டி விலை குதித்துப் போனதால் ஆர்டர் நிறைவேறவே இல்லை. நான்கு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்ததை அந்த ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. என் மனைவியிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அட்டவணையில் உள்ள கூட்டம் ஆபத்தில்லை, ஊருக்கே தெரியும், விலையில் இருக்கும். அட்டவணையில் இல்லாததுதான் ஆளை முடிக்கும். மேலே சொன்ன பெரிய நாட்களில் மூன்றைப் பாருங்கள்: பொங்கல் நாள், ஞாயிற்றுக்கிழமை, மே 4. எதிலும் அன்று கூட்டம் இருப்பதாக நாட்காட்டியில் இல்லை.

---

மாதச் சேமிப்பு | 8 பிப்ரவரி 2025, மாலை 4:10

பெருங்குடி தம்பி, இதை வெளிப்படையா எழுதினதுக்கு நன்றி. அந்த மே மாசம் எங்க வீட்டுக் கடன் வட்டியும் ஏற ஆரம்பிச்சது, எனக்கு அந்தத் தேதி அதனாலதான் ஞாபகம். எஸ்ஐபியை நிறுத்தலை. அன்னைக்கு நிஃப்டி 16,677. இப்போ 23,560. நீண்ட காலத்துக்குப் போடறவங்க இந்தப் பத்து மணிப் பேச்சைப் பார்க்காமலே இருந்தாலும் ஒண்ணும் குறையாதுன்னு நினைக்கிறேன்.

---

வடமராட்சி | 8 பிப்ரவரி 2025, இரவு 10:05

வாசிச்சுக்கொண்டு வந்தன், எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லோணும் போல கிடக்கு. நான் கொழும்புப் பங்குச் சந்தையில சின்ன அளவில வாங்கி விக்கிற ஆள்.

2022 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை. நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராப் பதவியேற்ற அடுத்த நாள். ஒரே கூட்டத்தில வட்டி வீதத்தை 7 வீதப் புள்ளி கூட்டினவை. நீங்கள் 0.25, 0.40 எண்டு கதைக்கிறியள், எங்களுக்கு ஒரு பின்னேரத்தில 700 பேசிஸ் பொயின்ற். வைப்பு வசதி வீதம் 13.50, கடன் வசதி வீதம் 14.50. ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்டுறதை நிப்பாட்டுறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. புத்தாண்டு விடுமுறை முடிஞ்சு 18ஆம் திகதி சந்தை திறக்கோணும், திறக்கேல்ல. பிணையங்கள் ஆணைக்குழு ஐஞ்சு நாள் மூடச் சொல்லிப்போட்டுது. 25ஆம் திகதி திறந்த அண்டே விழுந்து, வர்த்தகத்தை இடையில நிப்பாட்டினவை.

கொழும்பில ஆப்ஷனும் இல்லை, விக்ஸும் இல்லை. பயத்துக்கு விலை போட ஒரு இடமே இல்லை. பயம் வந்தால் பங்கை விக்கிறது மட்டும்தான் வழி, வாங்க ஆளில்லாட்டி அதுவும் இல்லை. அந்த வருசக் கடைசியில மூண்டு மாதத் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல குடுத்தது. அரசாங்கம் 30 வீதம் தரேக்க ஆர் பங்கு வாங்கிறது? என்ர மாமா தன்ர பங்குகளைக் குறைஞ்ச விலையில வித்து உண்டியலில போட்டார். 2023 யூன் 1ஆம் திகதி மத்திய வங்கி ஒரேயடியா 2.5 வீதப் புள்ளி குறைச்சது. அதுக்குப் பிறகுதான் உண்டியலில கிடந்த காசு திரும்பப் பங்குப் பக்கம் வரத் தொடங்கினது. எங்களுக்கு அறிவிப்பு எண்டுறது பத்து மணிக்கு ஆடி மூண்டு மணிக்கு அடங்கிற விசயமில்லை, வருசக்கணக்கில இழுபட்ட விசயம்.

---

பழைய டீலர் | 8 பிப்ரவரி 2025, இரவு 10:50

வடமராட்சித் தம்பி, நீங்கள் சொன்ன கடைசிப் பகுதிதான் நாங்கள் இங்கே மறந்துபோனது. ஒரு நாள் ஆட்டத்தையே பேசிக்கொண்டிருந்தோம். பத்திரம் கொடுக்கும் வட்டி ஏற ஏற, பங்கின் எதிர்கால லாபத்துக்கு இன்று தரும் விலை குறையும். அது நிமிடத்தில் நடப்பதல்ல. உங்கள் மாமா செய்தது தவறும் அல்ல, அந்த வட்டியில் அது கணக்காக யோசித்தவர் செய்கிற வேலை.

---

ஈசூன் தமிழன் | 9 பிப்ரவரி 2025, காலை 8:20

தாமதமாக வந்து வெடிக்கும் அறிவிப்புக்கு என்னிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் இருப்பதால் ஜப்பானிய சந்தையைத்தான் நான் அதிகம் பார்ப்பேன்.

2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25க்கு ஏற்றியது. அன்று நிக்கேய் இறங்கவில்லை, ஒன்றரை விழுக்காடு ஏறித்தான் முடிந்தது. வெள்ளிக்கிழமை அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் மோசமாக வந்தது. திங்கட்கிழமை, ஆகஸ்ட் 5, நிக்கேய் 4,451 புள்ளி, 12.4 விழுக்காடு விழுந்தது. பல ஆண்டுகளாக ஏறக்குறைய வட்டியே இல்லாமல் யென்னில் கடன் வாங்கி உலகம் முழுக்கப் போட்டிருந்தவர்கள், யென் வலுத்ததும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க ஓடினார்கள். அமெரிக்க விக்ஸ் அன்று இடையில் 65ஐத் தாண்டியது. மும்பையில் சென்செக்ஸ் 2,222 புள்ளி இறக்கம், இந்தியா விக்ஸ் ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடி 20ஐத் தொட்டது. ரிசர்வ் வங்கி அன்று ஒன்றும் சொல்லவில்லை, செய்யவில்லை. ஆகஸ்ட் 7 அன்று ஜப்பான் வங்கியின் துணை ஆளுநர் உச்சிதா, சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை ஏற்றமாட்டோம் என்று பேசிய பிறகுதான் மூச்சு வந்தது.

அறிவிப்பு நாளன்று சந்தை அமைதியாக இருந்தால் அறிவிப்பு செரித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

---

எண்ணும் எழுத்தும் | 9 பிப்ரவரி 2025, முற்பகல் 10:37

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜூலை 31ஆ, வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமா, எது காரணம் என்று பிரிக்க முடியாது. நம் ஊரில் 2018 அக்டோபர் 5 இதைவிடச் சிக்கல். ரெப்போ ஏறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், 6.50லேயே நிறுத்தினார்கள். கேள்விப்பட்டால் நல்ல செய்தி. ஆனால் சென்செக்ஸ் 792 புள்ளி இறங்கியது. ரூபாயைக் காக்க வட்டி ஏறவில்லை என்றதும் டாலர் 74 ரூபாயைத் தாண்டியது. நிலைப்பாட்டை இறுக்கும் பக்கம் மாற்றியதும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தைய நாள்தான் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு ஒரு ரூபாய் சுமக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது, அந்தப் பங்குகள் சரிந்துகொண்டிருந்தன. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்த அதிர்ச்சி வேறு. இந்த 792ல் ரிசர்வ் வங்கியின் பங்கு எவ்வளவு? யாராலும் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஆய்வு செய்பவர்கள் நாள் முடிவை விட்டுவிட்டு அறிவிப்பைச் சுற்றிய அரை மணி நேரத்தைப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு குறை உண்டு: பேச்சு ஒரே மூச்சில் முடிவதில்லை. நம் கவர்னர் பத்து மணிக்கு வாசிக்கிறார், பன்னிரண்டு மணிக்குச் செய்தியாளர்களைச் சந்திக்கிறார், கூட்டக் குறிப்பு பதினான்காம் நாள் வருகிறது. ஃபெட் என்றால் முடிவு வந்து அரை மணி கழித்து அதன் தலைவர் பேசுவார். பெருங்குடி சொன்ன அதே 2022 மே 4 இரவு, 75 பேசிஸ் பாயிண்ட் ஏற்றுவதைத் தீவிரமாகப் பரிசீலிக்கவில்லை என்றார் அன்றைய தலைவர் பவல். எஸ் அண்ட் பி 3 விழுக்காடு ஏறியது. மறுநாள் மூன்றரைக்கு மேல் இறங்கியது. அடுத்த மாதமே 75 ஏற்றினார்கள்.

பவானிக்கரை, உங்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் 1994 முதல் 2011 வரை ஃபெட் கூட்டங்களைப் பார்த்த ஓர் ஆய்வு, முடிவு வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் சராசரியாக அரை விழுக்காடு பங்குகள் ஏறின என்று கண்டது. முடிவு வந்தபின் அல்ல, முன்பு. காத்திருப்பதற்கே ஒரு கூலி. நீங்கள் முந்தைய நாள் மதியம் வாங்கினீர்கள். கூலியில் ஒரு பகுதி அதற்குள் கொடுத்து முடிந்திருக்கலாம்.

---

நடத்துநர் | 9 பிப்ரவரி 2025, முற்பகல் 11:30

புதியவர்கள் பலர் இந்த இழையைப் படிப்பதால் ஒரு தகவலைச் சேர்க்கிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இங்கே யாரும் டிப்ஸ் கேட்கவோ கொடுக்கவோ வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

---

பவானிக்கரை | 9 ஏப்ரல் 2025, மாலை 6:02

மறுபடி எழுதறேனுங்க. இன்னைக்கு இன்னொரு கால் விழுக்காடு குறைச்சு 6.00 ஆக்கிட்டாங்க, நிலைப்பாட்டையும் தளர்வுப் பக்கம் மாத்திட்டாங்க. பிப்ரவரில சந்தை கேட்ட அப்பளம் வந்துருச்சு. இருந்தும் நிஃப்டி 136 புள்ளி இறங்கி 22,399. ட்ரம்ப்போட இறக்குமதி வரி இன்னைக்கு அமலுக்கு வந்த பயத்துல கவர்னர் பேச்சு யார் காதுலயும் விழுகல போல. நான் ஒண்ணும் வாங்கலைங்க, பாத்துக்கிட்டு மட்டும் இருந்தேன்.

---

பவானிக்கரை | 6 ஜூன் 2025, இரவு 7:45

ஐயா, எண்ணும் எழுத்தும் அண்ணா, இன்னைக்கு நான் செஞ்சதைச் சொல்றேன், சரியான்னு பாத்துச் சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் ஒரு தாள்ல எழுதினேன். நிஃப்டி 24,750. விக்ஸ் 15. எக்ஸ்பைரிக்கு ஏழு நாள். அண்ணா போன மாசம் வேறொரு இழையில சொன்ன சூத்திரத்துல, குறியீட்டை விக்ஸால (15 விழுக்காடு) பெருக்கி, ஏழு நாளை 365ஆல வகுத்து வர்றதோட வர்க்கமூலத்தால பெருக்கி, 0.8ஆல பெருக்கினா ஸ்ட்ராடில் விலை சுமாரா 410 வருது. அதாவது 410 புள்ளிக்கு மேல எந்தப் பக்கமாவது போனாத்தான் எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருக்கறவனுக்கு லாபம். அதுக்குக் கீழ, எல்லாரும் என்ன எதிர்பாக்கறாங்கன்னு எழுதினேன்: கால் விழுக்காடு.

காலைல பத்து மணிக்கு அரை விழுக்காடு குறைச்சாங்க, 5.50. அதோட நிக்கல. சிஆர்ஆரை செப்டம்பர்ல இருந்து நாலு தவணையா ஒரு முழு விழுக்காடு குறைச்சு 3 ஆக்கறாங்க, 2.5 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளுக்கு வருது. இதை யாருமே நினைச்சிருக்க மாட்டாங்க. பேங்க் நிஃப்டி 56,500ஐத் தாண்டி இதுவரைக்கும் இல்லாத உச்சம். நிஃப்டி 252 புள்ளி ஏறி 25,003.

தாளை எடுத்துப் பாத்தேன். ரெண்டு பெரிய ஆச்சரியம் ஒண்ணா வந்தும் 252தான். 410 இல்லை. விக்ஸும் ஏறல, குறைஞ்சு முடிஞ்சிருக்கு. பிப்ரவரில இந்த நாள் வந்திருந்தா நான் ஸ்ட்ராடில் வாங்கி, இவ்வளவு பெரிய செய்தி வந்தும் ஏன் காசு வரலைன்னு இங்க வந்து கேட்டிருப்பேன்.

---

எண்ணும் எழுத்தும் | 6 ஜூன் 2025, இரவு 8:20

கணக்கு சரி. 410 என்பது ஏழு நாளுக்கான விலை, ஒரே நாளுக்கானது அல்ல, அதனால் இன்னும் ஆறு நாள் மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விக்ஸ் குறைந்ததற்கும் காரணம் உண்டு. ஆச்சரியம் மேல்நோக்கி வந்தால் பாதுகாப்புக்குப் புட் வாங்கி வைத்தவர்கள் அதை விற்றுவிடுவார்கள். கீழ்நோக்கி வந்தால் வாங்க ஓடுவார்கள். 2022 மே 4 அன்று 40 பேசிஸ் பாயிண்ட் ஆச்சரியத்துக்கு விக்ஸ் ஏறியது, இன்று 25 பேசிஸ் பாயிண்ட் ஆச்சரியமும் சிஆர்ஆரும் சேர்ந்து வந்தும் இறங்கியது.

---

பழைய டீலர் | 6 ஜூன் 2025, இரவு 9:34

தம்பி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். நிலைப்பாட்டை மறுபடி நடுநிலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் தளர்வு என்றார்கள், இன்று கையிருப்பை எல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, இனிமேல் குறைக்க அதிக இடம் இல்லை என்கிறார் கவர்னர். பங்குக்காரர்கள் முதல் பாதியைக் கேட்டார்கள். பத்திரக்காரர்கள் இரண்டாம் பாதியைக் கேட்டிருப்பார்கள். திங்கட்கிழமையிலிருந்து 10 ஆண்டுப் பத்திரத்தின் வருமானத்தைத் தினமும் ஒரு வரி எழுதி வாருங்கள். பத்திர விலை இறங்கினால் வருமானம் ஏறும். அது ஏற ஆரம்பித்தால் இன்றைய அறிவிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

---

பவானிக்கரை | 13 ஜூன் 2025, இரவு 7:10

எழுதிட்டு வர்றேனுங்க ஐயா. நீங்க சொன்னபடியே பத்திர வருமானம் ஏறியிருக்கு. அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 4ல தொடங்கி 6ஆம் தேதி முடிவு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் புதுத் தாளோட வர்றேன்.